மேல்மாடியில் தூங்கியவர்கள்

யாரும் சாகாத ஒரு தீ விபத்துக்காக ஒரு மனிதரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாமா என்று எங்களுடைய ஆட்கள் இன்றைக்கும் என்னிடம் கேட்கிறார்கள். எரிந்தது அவருடைய கடை, நட்டம் அவருடையது, பிறகு வழக்கும் அவர்மேலா என்ற ஆதங்கம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. ஏற்றலாம், ஏற்றத்தான் வேண்டும் என்பது என் பதில். அந்த மனிதரின் சொலிசிட்டராக அவருக்குப் பக்கத்தில் இருந்தவள் நான். அவர்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. அப்படியிருந்தும் இதைத்தான் சொல்கிறேன்.

2013 பெப்ரவரி. கிழக்கு லண்டனில் ஈஸ்ட்ஹாம் பக்கம் ஒரு பழைய மூன்று தட்டுக் கட்டடம். கீழே பலசரக்குக் கடை, அதற்குப் பின்னால் ஸ்டோர் அறை. மேலே இரண்டு தட்டிலும் அறை அறையாக வாடகைக்கு இருந்தவர்கள் ஏழு பேர். எல்லாரும் இளைஞர்கள். சிலர் மாணவர்கள், மற்றவர்கள் பெற்றோல் நிலையங்களிலும் உணவகங்களிலும் இரவு பகலாக வேலை செய்தவர்கள். அவர்கள் ஏறி இறங்க ஒரே ஒரு மரப்படிக்கட்டுத்தான். அது கடையின் பின்நடையில் வந்து இறங்கும். அந்த நடையின் ஒரு பக்கக் கதவு ஸ்டோருக்குள் போகும், மற்றது பின்ஒழுங்கைக்குப் போகும்.

ஸ்டோரில் பழைய பெட்டி ஃபிரீசர்கள் இரண்டும் ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில் ஓடிக்கொண்டிருந்தன. அந்த வயருக்கு மேலே மட்டை அட்டைகள். விடியற்காலை மூன்று மணிக்குப் பிறகு அந்த இடத்தில் தீ பிடித்தது. ஸ்டோர்க் கதவு திறந்தே கிடந்ததால் புகை நேரே படிக்கட்டில் ஏறியது. புகை படியைப் பிடித்துவிட்டால் அந்தக் கட்டடத்தில் கீழே இறங்க வேறு வழி இல்லை. தீயணைப்பு வீரர்கள் ஏணி வைத்து ஆறு பேரை முன்பக்க ஜன்னல்களால் இறக்கினார்கள். ஒருவர் அவர்கள் வரும்வரை பொறுக்க முடியாமல் பின்பக்கம் குதித்தார். இரண்டு குதிகால் எலும்புகளும் நொறுங்கின.

கடைக்காரர் இல்ஃபோர்டிலிருந்து ஓடிவந்தபோது தெரு முழுக்க நீல விளக்கு. நடைபாதையில் நின்ற தீயணைப்பு அதிகாரி அவரிடம் கேட்ட முதற்கேள்வி மேலே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது. அவருக்குச் சரியான எண்ணிக்கை தெரியவில்லை. பதற்றத்தில், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவர் சொன்ன பதிலை அதிகாரி குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். பிறகு என்னிடம் அவர் அதைத் தமிழில் சொன்னது இப்படி: “மேல இருக்கிற பெடியள் கடைக்கு வாறேல்லை பிள்ளை. அவையின்ர அலுவல் வேற, என்ர அலுவல் வேற எண்டுதான் சொன்னனான்.”

வழக்கு முழுவதும் இந்த ஒரு வசனத்தைச் சுற்றித்தான் நடந்தது. அவர் பொய் சொல்லவில்லை. மனதார நம்பியதைச் சொன்னார். தன் தொழில் என்பது கடை. கடைக்கு வருகிறவர்கள், கடையில் வேலை செய்கிறவர்கள், இவர்களுக்குத்தான் தான் பொறுப்பு. மேலே தூங்குகிறவர்கள் வாடகை தருகிறவர்கள், அது வேறு கணக்கு. லண்டனில் கடை நடத்துகிற எத்தனையோ பேர் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சட்டம் அப்படி நினைக்கவில்லை.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எண்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை, பகலில் இன்னொரு வேலை என்று கனகாலம் ஓடினார். சீட்டுக் கட்டி எடுத்த காசையும் மைத்துனரிடம் மாறின காசையும் சேர்த்து அந்தக் கடையின் லீஸை வாங்கினார். கடையில் தேங்காய்ப்பூவிலிருந்து கோயில் சாமான்வரை எல்லாம் கிடைக்கும். கையில் காசில்லாத மாணவர்களுக்கு அரிசி கடன் கொடுத்தவர். தீப்பிடித்த அன்றே தீயணைப்புப் படை மேல்மாடிகளில் யாரும் தங்கக்கூடாது என்று தடை அறிவித்தல் கொடுத்தது. அன்றிரவு அந்தப் பெடியளில் நாலு பேரைத் தன் வீட்டிலும் மற்ற இரண்டு பேரைத் தன் மைத்துனர் வீட்டிலும் படுக்க வைத்தவரும் அவர்தான். இந்தத் தகவல் பிறகு தண்டனை நேரத்தில் பயன்பட்டது. குற்றம் செய்தாரா இல்லையா என்ற கேள்விக்கு அதனால் ஒரு பயனும் இருக்கவில்லை.

என் அலுவலகத்துக்கு அவர் ஒரு பிளாஸ்டிக் கோப்போடு வந்தார். “கடதாசி எல்லாம் இருக்குது பிள்ளை. ஃபயர் றிஸ்க் அசெஸ்மென்ட் காசு குடுத்துச் செய்விச்சனான்” என்று நாலு பக்கத்தை எடுத்து மேசையில் வைத்தார். அந்த நாலு பக்கத்தை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். முதற்பக்கத்தில் கட்டடத்தின் வகை என்ற இடத்தில் ஒரு தட்டுக் கடை என்று இருந்தது. இரவில் தூங்குகிறவர்கள் உண்டா என்ற கேள்விக்கு இல்லை. எளிதில் தீப்பற்றும் பொருட்கள் உண்டா என்பதற்கும் இல்லை. மூன்றாம் பக்கத்தில் சரக்கு லிஃப்டின் பராமரிப்பு திருப்திகரம் என்று ஒரு வரி. அந்தக் கட்டடத்தில் லிஃப்டே கிடையாது. வேறு ஏதோ ஒரு களஞ்சியத்துக்கு எழுதியதைப் பெயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். கடைக்காரர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. காப்புறுதிக்காரர் கேட்டால் காட்டலாம் என்று பத்திரமாக வைத்திருந்தார். காப்புறுதி நிறுவனமோ, விண்ணப்பத்தில் கட்டடம் கடையாக மட்டும் பாவிக்கப்படுகிறது என்று எழுதப்பட்டிருந்ததைக் காட்டிப் பணம் தர மறுத்துவிட்டது.

இப்படிக் கடதாசி சேர்க்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று விளங்க, சட்டத்தின் பழைய கதை கொஞ்சம் தெரிய வேண்டும். 1969 டிசம்பர் 26 அன்று சஃப்ரன் வால்டன் என்ற ஊரில் ரோஸ் அண்ட் கிரவுண் ஹோட்டல் எரிந்து 11 பேர் இறந்தார்கள். அதன் பிறகு வந்ததுதான் 1971ஆம் ஆண்டின் தீ முற்காப்புச் சட்டம். அந்தச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட தொழிலிடங்களுக்குத் தீயணைப்புப் படையே வந்து பார்த்துச் சான்றிதழ் கொடுக்கும். என்ன கதவு போட வேண்டும், எங்கே வெளிவழி வைக்க வேண்டும் என்று அதிகாரி சொல்வார், உரிமையாளர் செய்வார். சின்னக் கடைகள் பெரும்பாலும் அந்தச் சான்றிதழ் முறைக்குள் வரவே இல்லை.

2005ஆம் ஆண்டின் ஃபயர் சேஃப்டி ஓர்டர் இதைத் தலைகீழாக மாற்றியது. 2006 ஒக்டோபர் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பழைய சான்றிதழ்களுக்குச் சட்ட மதிப்பு இல்லை. அபாயத்தைக் கண்டுபிடிக்கும் வேலை அதிகாரியிடமிருந்து இடத்தை நடத்துகிறவரிடம் வந்துவிட்டது. தொழிலிடம் எந்த அளவுக்கேனும் தன் கட்டுப்பாட்டில் இருந்தால் முதலாளிதான் பொறுப்பாளி. அவர் போதுமான, பொருத்தமான ஒரு மதிப்பீட்டைச் செய்ய வேண்டும், காலத்துக்குக் காலம் அதைத் திரும்பப் பார்க்க வேண்டும், அதில் கண்டதைத் திருத்தவும் வேண்டும். தவறினால், அந்தத் தவறு யாருக்காவது உயிராபத்தையோ பெருங்காயத்தையோ விளைவிக்கக்கூடியது என்றால், கிரவுண் கோர்ட்டில் வரம்பில்லாத தண்டப்பணமும் இரண்டு வருடம் வரை சிறையும் உண்டு. யாராவது இறந்திருக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. தீப் பிடித்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

அரசாங்கம் அந்த நேரத்தில் வெளியிட்ட வழிகாட்டி நூல்கள் மதிப்பீட்டை ஐந்து படிகளாகச் சொல்கின்றன. தீ எங்கே தொடங்கலாம் என்று பார்ப்பது முதற்படி, யாருக்கு ஆபத்து என்று பார்ப்பது இரண்டாவது. எங்களுடைய வழக்கு இந்த இரண்டாவது படியில்தான் விழுந்தது. சட்டம் பாதுகாக்கச் சொல்கிறவர்கள் யார்? அந்த இடத்தில் சட்டப்படி இருக்கக்கூடிய எல்லாரும். அதோடு, அந்த இடத்தில் தீப் பிடித்தால் ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய அயலில் இருக்கிறவர்களும். அந்தக் கடையில் ஒரு முட்டாசி கூட வாங்காதவர், கடையின் கூரைக்கு மேலே தூங்கினால், அவர் கடைக்காரரின் பொறுப்புக்குள் வந்துவிடுகிறார்.

எங்களுடைய பரிஸ்டர் அனுபவசாலி. எந்தக் கதவையும் தட்டிப் பார்க்காமல் விடமாட்டார். நடைபாதையில் சொன்ன அந்த வசனத்தைச் சாட்சியத்திலிருந்து நீக்க முடியுமா என்று முதலில் யோசித்தோம். எச்சரிக்கை சொல்லாமல் கேட்ட கேள்வி என்று வாதிடலாம். ஆனால் தீ எரிந்துகொண்டிருக்கும்போது உள்ளே எத்தனை பேர் என்று கேட்பது உயிரைக் காப்பாற்றக் கேட்பது. எந்த நீதிபதியும் அதைக் குறை சொல்லப்போவதில்லை. அதை விட்டுவிட்டோம்.

பிறகு வீடு என்ற வாதம். இந்தச் சட்டம் தனி வீட்டுக்குள் நுழையாது. மேல்மாடிகள் இரண்டும் சேர்ந்து ஒரே வீடு, ஏழு பேரும் ஒரே குடித்தனம் என்று காட்டினால் படிக்கட்டு வீட்டுக்குள் அடங்கிவிடும். ஆனால் ஒவ்வோர் அறைக் கதவுக்கும் தனிப் பூட்டு. வாடகை தனித்தனி. ஒருவருக்கொருவர் பெயர்கூடச் சரியாகத் தெரியாது. பலர் பொதுவாகப் பாவிக்கும் படியும் நடையும் சட்டத்துக்குள் வரும் என்பது தெளிவு. வாதத்துக்கு அதை வீடு என்றே வைத்தாலும், தீ தொடங்கியது கடையில். அயலார் என்ற சொல் அங்கே எங்களைப் பிடித்தது.

கட்டட உரிமையாளரைக் காட்டலாமே என்று கட்சிக்காரர் திரும்பத் திரும்பக் கேட்டார். “கட்டடம் வெள்ளைக்காரன்ர. படியும் அவன்ரதானே?” நியாயமான கேள்வி. லீஸை எடுத்து வாசித்தோம். நடையும் படியும் உரிமையாளரிடம் இருந்து, அவர் அதற்குச் சேவைக் கட்டணம் வாங்குகிறவராக இருந்திருந்தால் வழக்கின் போக்கே மாறியிருக்கும். இந்த லீஸோ கூரையிலிருந்து அத்திவாரம் வரை முழுக் கட்டடத்தையும் அவருக்கே கொடுத்திருந்தது. திருத்த வேலைகள் எல்லாம் குத்தகைக்காரரின் பொறுப்பு. தீப்பாதுகாப்புச் சட்டங்களுக்கு அமைய நடப்பதும் அவருடைய பொறுப்பு என்று தனியாக ஒரு வாசகம். பராமரிப்பையும் பாதுகாப்பையும் ஒப்பந்தத்தால் ஏற்றுக்கொண்டவரைக் கட்டுப்பாடு உள்ளவராகவே ஓர்டரின் ஐந்தாம் பிரிவு கருதுகிறது. மேல்மாடியை வாடகைக்கு விடும் உரிமை அவருக்குக் கிடைத்ததும் அதே லீஸால்தான்.

கடைசியாக, காசு கொடுத்துச் செய்வித்தேன் என்ற வாதம். நியாயமான முன்னெச்சரிக்கைகள் எல்லாம் எடுத்தேன், உரிய கவனத்தோடு நடந்தேன் என்று காட்டுகிறவருக்கு இந்தச் சட்டத்தில் ஒரு தற்காப்பு உண்டு. சில கடமைகளுக்கு அதுவும் கிடையாது. அந்த மதிப்பீட்டாளர் வழக்குத் தொடுநரின் சாட்சியாக வந்து, தன்னிடம் கடையை மட்டும் பார்க்கச் சொன்னதாக வாக்குமூலம் கொடுத்திருந்தார். எழுத்தில் எந்த ஒப்பந்தமும் இல்லை. அவர் எத்தனை கட்டடம் பார்த்தவர், என்ன பயிற்சி பெற்றவர் என்று எங்கள் கட்சிக்காரர் கேட்டதும் இல்லை. தனக்கு உதவியாக அமர்த்துகிறவர் தகுதியானவரா என்று பார்ப்பது முதலாளியின் கடமை. அப்படி அமர்த்தியவரின் தவறைத் தன் தற்காப்பாகக் காட்டவும் சட்டம் அவரை விடாது. மதிப்பீட்டாளர்கள் தப்பிவிடுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். 2011இல் நொட்டிங்கம் கிரவுண் கோர்ட், மான்ஸ்ஃபீல்டில் இரண்டு ஹோட்டல்களுக்குப் போதாத மதிப்பீடு எழுதிக் கொடுத்த ஒருவரை எட்டு மாதம் சிறைக்கு அனுப்பியது. ஹோட்டல்காரருக்கும் எட்டு மாதம். எழுதினவரும் போனார், எழுதுவித்தவரும் போனார்.

இனி அந்தக் கதவு. வழக்குத் தொடுநரின் ஆவணக் கட்டில் ஸ்டோர்க் கதவின் படம் ஒன்று இருந்தது. கதவு முழுக்கத் திறந்தபடி, அதற்கு முட்டாக ஓர் அரிசிப் பை. பையின் ஸ்டோர்ப் பக்கம் கருகி அரிசி கொட்டியிருந்தது, நடைப்பக்கம் பையில் அச்சடித்த படம்கூட அப்படியே இருந்தது. சாமான் ஏற்றி இறக்க வசதியாக இருக்கட்டும் என்று காலையில் வைத்த பை, இரவும் எடுக்கப்படவில்லை. அது எடுக்கப்பட்டிருந்தாலும் அந்தக் கதவு அதிக நேரம் தாக்குப்பிடித்திராது, ஏனென்றால் அது உள்ளே வெறுமையான மெல்லிய பலகைக் கதவு. அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டியது குறைந்தது 30 நிமிடம் தீயைத் தாங்கும் கதவு. அதன் ஓரத்தில் ஒரு பட்டி பதித்திருப்பார்கள். சூடேறும்போது அது வீங்கி இடுக்கை அடைத்துவிடும். புகைக்குத் தனியாக ஒரு தூரிகைப் பட்டி. தானாக மூடிக்கொள்ள மேலே ஒரு கை. கடைக்கும் மேல் வீட்டுக்கும் நடுவேயுள்ள தட்டும் சுவரும் 60 நிமிடம் தாங்க வேண்டும் என்பது வழக்கமான எதிர்பார்ப்பு. அவ்வளவு நேரம் கிடைத்திருந்தால் அந்தப் பிள்ளைகள் ஏழு பேரும் படியால் நடந்து இறங்கியிருப்பார்கள்.

அதே படத்தில் நடையின் ஓரமாகப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. தீயணைப்பு அதிகாரியின் அறிக்கை ஒரு பெட்டியை வெள்ளை வில்லைகள், வகை தெரியவில்லை என்று விவரித்திருந்தது. பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. கற்பூரம். பக்கத்தில் விளக்கெண்ணெய்ப் போத்தல்களும் திரிக்கட்டுகளும். தைப்பூசத்துக்கு எடுத்து மிஞ்சிய சரக்கு. ஏழு பேர் இறங்கி வரும் ஒரே வழியில் கற்பூரப் பெட்டிகள். தீ அந்தப் பெட்டிகள் வரை வரமுன் அணைக்கப்பட்டது என்பது எங்களுடைய அதிர்ஷ்டம் என்று எங்கள் பக்க நிபுணரே சொன்னார். ஒரு தமிழ்க் கடையைப் பார்க்க வருகிற மதிப்பீட்டாளருக்குக் கற்பூரம் என்ன பொருள் என்று தெரியாமல் போகலாம். கடைக்காரர் சொல்லிக்கொடுக்க வேண்டும். எதை எங்கே வைத்திருக்கிறோம் என்று அவருக்குத்தானே தெரியும்.

பின்ஒழுங்கைக் கதவில் ஆமைப்பூட்டு. இதைப் பற்றி எங்கள் கட்சிக்காரர் மிகவும் வருந்திப் பேசினார். முந்தின வருடங்களில் அந்தக் கதவை உடைத்துக் கள்ளர் வந்திருக்கிறார்கள். பொலிஸாரே நல்ல பூட்டுப் போடச் சொல்லியிருக்கிறார்கள். மேலே இருப்பவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு திறப்புக் கொடுத்திருந்தார். புகை நிறைந்த இருட்டு நடையில், கண் எரிய எரிய, திறப்பைத் தேடிப் பூட்டைத் தடவித் திறக்க எவராலும் முடியாது. வெளியிலிருந்து திறக்க முடியாததும் உள்ளேயிருந்து திறப்பில்லாமல் கையால் திருகித் திறக்கக்கூடியதுமான பூட்டுகள் எந்த வன்பொருட் கடையிலும் உண்டு. கள்ளனுக்கும் காவல், ஓடுகிறவனுக்கும் வழி. அந்த ஒரு பூட்டை மாற்றியிருந்தால் குற்றச்சாட்டுகளில் ஒன்று குறைந்திருக்கும்.

மேல்தட்டுக் குசினியில் ஒரு புகை அலாரம் இருந்தது. தாளிக்கும்போதெல்லாம் அது கத்தியதால் பற்றரியைக் கழற்றிவிட்டார்கள். குசினியில் புகையை அறியும் கருவி வைத்தால் எந்த வீட்டிலும் இதுதான் நடக்கும். அங்கே வைக்க வேண்டியது வெப்பத்தை அறியும் கருவி. புகையை அறிவது படிக்கட்டிலும் நடையிலும் ஸ்டோரிலும் இருந்திருக்க வேண்டும். எல்லாம் ஒன்றோடொன்று இணைந்து, கீழே புகை எழுந்தால் மேலே எல்லா அறையிலும் ஒலிக்க வேண்டும். அன்றிரவு அந்த வீட்டில் எந்தச் சத்தமும் எழவில்லை. மாணவர் ஒருவர் தொண்டை அடைத்து இருமி எழும்பியதால்தான் மற்றவர்கள் எழுப்பப்பட்டார்கள்.

குதித்த அந்தப் பெடியனின் வாக்குமூலம் இரண்டு பக்கம். கோபம் எதுவும் அதில் இல்லை. கதவைத் திறந்தபோது படி தெரியவில்லை என்றார். தெரிந்த படிதானே, கைபிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிடலாம் என்று மூன்று நாலு படி இறங்கியதாகவும், மூச்சு நின்றுபோகவே திரும்பி ஏறியதாகவும் சொன்னார். புகைக்குள் இரண்டு மூன்று மூச்சு இழுத்தாலே நினைவு தப்பிவிடும் என்பதை நான் நிபுணர் அறிக்கைகளில் வாசித்திருந்தேன். அவர் திரும்பி ஏறியிராவிட்டால் நாங்கள் வேறொரு வழக்கை நடத்தியிருப்போம். இந்த வாக்குமூலத்தைத் தமிழில் சொல்லக் கேட்டபோது எங்கள் கட்சிக்காரர் எதுவும் பேசவில்லை. அடுத்த முறை வந்தபோது, “நான் ஒத்துக்கொள்ளுறன் பிள்ளை” என்றார்.

முதல் வாய்ப்பிலேயே குற்றத்தை ஒத்துக்கொண்டால் தண்டனையில் மூன்றிலொரு பங்கு குறையும் என்பது நான் அவருக்கு முன்பே விளக்கியிருந்த விடயம். அதற்காக மட்டும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்பதை நான் அறிவேன். மதிப்பீடு, வெளிவழி, தீ கண்டறியும் ஏற்பாடு, பராமரிப்பு என்று நாலு குற்றச்சாட்டுகளையும் ஏற்றுக்கொண்டார்.

தண்டனை விசாரணையில் வழக்குத் தொடுநர் நியூ லுக் வழக்கை எடுத்து வாசித்தார். லண்டனில் இந்த வேலை பார்க்கிற எல்லாருக்கும் மனப்பாடமான வழக்கு அது. 2007 ஏப்ரலில் ஒக்ஸ்ஃபோர்ட் வீதியில் அந்த நிறுவனத்தின் கடை எரிந்தது. அத்தனை சனம் நிறைந்த வீதியில் ஒருவருக்கும் காயமில்லை. அப்படியிருந்தும் போதாத மதிப்பீட்டுக்கும் ஊழியருக்குப் பயிற்சி கொடுக்காததற்கும் சேர்த்து 4,00,000 பவுண் தண்டப்பணம். அதிகம் என்று மேன்முறையீடு செய்தார்கள். 2010இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் குறைக்க மறுத்தது. ஒருவரும் சாகவில்லை என்ற வாதத்தின் பலம் எவ்வளவு என்று அதிலிருந்தே தெரியும்.

எங்கள் நீதிபதி பொறுமையாகக் கேட்டார். அன்றிரவே பெடியளைத் தன் வீட்டில் தங்க வைத்தது, சம்பவத்துக்குப் பிறகு செய்த திருத்த வேலைகள், முந்தின குற்றம் எதுவும் இல்லாதது எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தார். வாடகை வாங்கிய கைதான் அந்த மேல்மாடியைப் பார்த்திருக்க வேண்டிய கை என்பதையும் சொன்னார். ஆறு மாதச் சிறைத்தண்டனை, ஒத்திவைக்கப்பட்டது. அதோடு தண்டப்பணமும் வழக்குச் செலவும், தவணையில் கட்ட அனுமதி. அவர் கூண்டிலிருந்து இறங்கி வந்தபோது அந்தப் பெடியன் ஊன்றுகோலோடு பின்வரிசையில் இருந்தார். காயத்துக்கான நட்டஈட்டு வழக்கு தனியாக வேறு சட்டத்தரணிகளால் நடந்தது. அதைப் பற்றி நான் எழுதக்கூடாது.

கடையைத் திரும்பத் திறக்கப் பல மாதம் பிடித்தது. இந்த முறை வந்த மதிப்பீட்டாளர் மேல்தட்டிலிருந்து தொடங்கினார். எல்லா அறைத் திறப்புகளையும் கேட்டு வாங்கி, ஒவ்வோர் அறையிலும் கட்டில்களை எண்ணி, படியால் இறங்கி நடந்து, பின்கதவைத் தானே திறந்து பார்த்து, கடைசியாகத்தான் கடைக்குள் வந்தார். கடைக்காரர் அவர் பின்னாலேயே நின்று கற்பூரம் எது, நல்லெண்ணெய் எது என்று காட்டினார். கற்பூரம் இப்போது ஸ்டோரில் இரும்பு அலுமாரிக்குள் இருக்கிறது. ஃபிரீசருக்குத் தனி மின்இணைப்பு. மேலே ஏழு பேருக்குப் பதிலாக நாலு பேர்.

இதற்குப் பிறகு நாடே பார்த்த பெரிய தீ வந்தது. 2017 ஜூன் 14 அன்று கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 பேர் இறந்தார்கள். அந்த வருடம் பெப்ரவரியில்தான், 2009இல் ஆறு பேர் இறந்த லாகனல் ஹவுஸ் தீக்காக சதர்க் கவுன்சிலுக்கு 2,70,000 பவுண் தண்டப்பணம் விதிக்கப்பட்டிருந்தது. அந்தத் தீக்கு முன்னர் அவர்களும் போதுமான அபாய மதிப்பீடு செய்திருக்கவில்லை. கிரென்ஃபெலுக்குப் பின் வந்த சட்டங்கள் உயர்ந்த குடியிருப்புகளுக்கு மட்டும் என்று எங்கள் கடைக்காரர்களில் பலர் நினைக்கிறார்கள். அது பிழை. முன்னர் ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலைக்கு வைத்திருந்தால் மதிப்பீட்டின் முக்கிய முடிவுகளை எழுதி வைக்க வேண்டும் என்றிருந்தது. மற்றச் சின்னக் கடைகள் பலவும் செய்தோம், எழுதவில்லை என்று சொல்லித் தப்பின. 2023 ஒக்டோபர் 1 முதல், கடையில் ஒருவர் மட்டும் நின்றாலும் முழு மதிப்பீட்டையும் எழுத்தில் வைக்க வேண்டும். செய்தவர் யார் என்று எழுத வேண்டும். ஒரே கட்டடத்தில் இன்னொரு பொறுப்பாளி இருந்தால் அவரைத் தேடிக் கண்டுபிடித்து ஒருவருக்கொருவர் தகவல் கொடுக்க வேண்டும். கடை கைமாறும்போது அந்தத் தகவல்கள் புதியவருக்குப் போக வேண்டும்.

இந்தக் கடைசி விதி என் வேலையை மாற்றியிருக்கிறது. கடை லீஸ் எடுக்க வருகிறவர்களிடம் வாடகைக் கணக்கைப் பார்க்க முன்னரே, மேலே யார் தூங்குகிறார்கள் என்று கேட்கிறேன். பிறகு பழைய மதிப்பீட்டைத் தரச்சொல்லி உரிமையாளருக்குக் கடிதம் எழுதுகிறேன். போன வருடம் ஒரு கட்டடத்துக்கு அப்படி எழுதியபோது இரண்டு மாதமாகப் பதில் வரவில்லை. அந்தக் கட்சிக்காரர், இருபதுகளில் இருக்கும் ஒரு பெண், முற்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு பக்கத்துத் தெருவில் வேறு கடை எடுத்துவிட்டார். அவர் புதிதாக எடுத்த கடையின் கட்டடம் ஒரு தட்டுத்தான். மேலே யாரும் இல்லை.